பக்கவாதத்தில் முடங்கிய கையை மீட்கும் மருந்து உண்டா? ஓர் உரையைக் கேட்டபின் எழுந்த ஐயம்

கேள்வி: நூலிழை

பக்கவாதத்துக்குப் பிந்தைய மீட்சி குறித்த புதிய ஆராய்ச்சிகளைப் பற்றி, மருந்தியல் பேராசிரியர் ஒருவர் பொதுமக்களுக்காக ஆற்றிய உரையைக் கடந்த வாரம் கேட்டேன். என் தாயாருக்கு மூளையின் இடப்பக்க இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு நான்கு மாதங்கள் ஆகின்றன. நடக்கிறார், பேச்சும் பெருமளவு தெளிந்துவிட்டது. வலக்கைதான் இன்னும் வசப்படவில்லை. ஒரு பொருளைப் பிடித்துவிடுகிறார், ஆனால் விடச் சொன்னால் விரல்கள் பிரிய மறுக்கின்றன. இடக்கையால் ஒவ்வொரு விரலாக நிமிர்த்தித்தான் விடுவிக்கிறார்.

மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளுவாக்ஸெட்டின் கை கால் அசைவை மேம்படுத்தியதாக 2011இல் ஓர் ஆய்வு காட்டியது என்று பேராசிரியர் கூறியபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிறிது நேரத்துக்குப் பின், அதைவிடப் பன்மடங்கு பெரிய ஆய்வுகளில் அந்தப் பயன் தென்படவில்லை என்றார். ஒரே மருந்து ஓரிடத்தில் பலித்து மற்றோரிடத்தில் பலிக்காமல் போவது எப்படி? மருத்துவரிடம் கேட்கத்தக்க வேறு மருந்து ஏதேனும் உள்ளதா? ஆறு மாதம் கடந்துவிட்டால் இனி முன்னேற்றமே இராது என்று உறவினர்கள் சொல்வதில் உண்மை உண்டா?

பதில் 1: மருந்தியல் ஆய்வாளர்

முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அடைப்பு ஏற்பட்டவுடன் மூளையைக் காப்பாற்றுவது ஒன்று. இழந்தது போக எஞ்சிய மூளையைக்கொண்டு இயக்கத்தைத் திரும்பப் பெறுவது மற்றொன்று. பெருங்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நியூரான்கள் (நரம்பு செல்கள்) மடிகின்றன என்பது 2006இல் வெளியான கணக்கு. எனவேதான் நான்கரை மணி நேரத்துக்குள் உறைகட்டியைக் கரைக்கும் மருந்தும், தக்க நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரை கட்டியைக் குழாய்வழி இழுத்து அகற்றும் சிகிச்சையும் தரப்படுகின்றன. முதல் வேலைக்கு இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்ட வழிகள் இருக்கின்றன. உங்கள் தாயார் இப்போது இருப்பது இரண்டாவது வேலையில். கை அசைவை மீட்பதற்கென்று உறுதியாக நிறுவப்பட்ட மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

இனி ஃப்ளுவாக்ஸெட்டின். 2011இல் வெளியான ஃப்ளேம் ஆய்வு ஃபிரான்சில் 118 பேரிடம் நடந்தது. பக்கவாதம் வந்த 5 முதல் 10 நாட்களுக்குள் தொடங்கி மூன்று மாதம் மருந்து பெற்றவர்கள், 100 புள்ளி கொண்ட கை கால் அசைவு அளவையில் சராசரியாக 34 புள்ளி முன்னேறினர். வெற்று மாத்திரை பெற்றவர்கள் 24 புள்ளி. பிறகு பிரிட்டனில் 3,127 பேரிடம் நடந்த ஃபோக்கஸ் ஆய்வும், 2020இல் வெளியான அஃபினிட்டி, எஃபெக்ட்ஸ் ஆகிய ஆய்வுகளும் ஆறு மாத முடிவில் அன்றாட வாழ்வில் எந்த வேறுபாட்டையும் காணவில்லை. மனச்சோர்வு சற்றுக் குறைந்தது உண்மை; ஆனால் எலும்பு முறிவு கூடியது. ஃபோக்கஸில் மருந்து பெற்ற நூறு பேரில் ஏறக்குறைய மூவருக்கு எலும்பு முறிந்தது. பெறாதவர்களில் அது அதன் பாதி. ஏற்கெனவே தள்ளாடி நடக்கும் ஒருவருக்கு இது சிறிய விஷயம் அன்று.

முரண்பாட்டுக்குச் சிலர் ஒரு விளக்கம் தருகிறார்கள். ஃப்ளேமில் அளந்தது கை கால் அசைவை; பெரிய ஆய்வுகளின் முதன்மை அளவுகோல் ஒருவர் பிறர் துணையின்றி வாழ முடிகிறதா என்பதை 0 முதல் 6 வரை மதிப்பிடும் நுணுக்கமற்ற ஒன்று. அங்கே பயிற்சியின் அளவும் ஒரே சீராக வகுக்கப்படவில்லை. இந்த வாதத்தில் சாரம் உண்டு என்றாலும், நூற்றுச் சொச்சம் பேரிடம் கிடைத்த முடிவு ஆயிரக்கணக்கானவர்களிடம் கரைந்துபோவது இத்துறையில் புதிதன்று என்பதே என் எண்ணம். பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் லெவோடோபாவும் இதே பாதையில்தான் சென்றது: 2001இல் 53 பேரிடம் நம்பிக்கை தந்தது, 2019இல் 593 பேரிடம் பயன் காட்டவில்லை.

பேராசிரியர் எலிகளைப் பற்றியும் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். சேதமடைந்த பகுதியைச் சுற்றியுள்ள நியூரான்களைக் காபா என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறி அடக்கிவைக்கிறது என்றும், அந்தப் பிடியை ஒரு மருந்தால் தளர்த்தினால் கால் அசைவு மேம்படுகிறது என்றும் 2010இல் எலிகளிடம் காட்டினார்கள். அதே மருந்தை அடைப்பு ஏற்பட்ட உடனே கொடுத்தபோதோ சேதம் பெரிதாயிற்று! தொடக்கத்தில் காக்கும் அடக்கம் சில நாள் கழித்துத் தடையாகிறது. மருந்து எது என்பதற்கு இணையாக என்றைக்கு என்பதும் முக்கியம். இதே கருத்தின் அடிப்படையில் மனிதர்களிடம் சோதித்த ஒரு மருந்து 2020இல் பயன் தரவில்லை என்று தெரிந்தது. எச்.ஐ.வி.க்கான மராவிராக் என்ற மருந்து எலிகளின் மீட்சிக்கு உதவுகிறது என்ற 2019ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்புக்கு இன்னொரு வலு உண்டு: அம்மருந்து தடுக்கும் அதே ஏற்பியை (செல்லில் சமிக்ஞையை வாங்கும் புரதத்தை)ப் பிறவியிலேயே ஓரளவு இழந்தவர்கள் பக்கவாதத்திலிருந்து மேலாக மீண்டார்கள். ஆயினும் சோதனைக்கு வெளியே அதைக் கேட்டு வாங்கும் நிலை இன்னும் வரவில்லை.

பதில் 2: இயன்முறை சிகிச்சையாளர்

மேலுள்ள பதிலில் பயிற்சி ஒரு வரியில் கடந்துபோய்விட்டது, அங்கிருந்தே தொடர்கிறேன். எந்த மருந்தும் விரலைப் பிரிக்கக் கற்றுத் தராது. அதிகபட்சம், கற்பதற்கு மூளையை இணங்க வைக்கும். கற்பது திரும்பத் திரும்பச் செய்வதால்தான்.

ஆறு மாதக் கெடு பற்றி: 2021இல் வெளியான ஓர் ஆய்வில் 72 பேரைப் பிரித்து, சிலருக்கு முதல் மாதத்திலும், சிலருக்கு 60 முதல் 90 நாட்களுக்குள்ளும், சிலருக்கு ஆறு மாதம் கழித்தும் கூடுதலாக 20 மணி நேரக் கைப்பயிற்சி அளித்தார்கள். மிகுந்த பலன் 60 முதல் 90 நாட்களுக்குள் பயிற்சி பெற்றவர்களுக்குத்தான் கிடைத்தது. ஆகவே உறவினர்கள் சொல்வது முற்றிலும் கற்பனையன்று. பிற்காலத்தில் அதே உழைப்புக்குக் குறைந்த பலன். ஆனால் கதவு சாத்தப்பட்டுவிடுவதில்லை. பக்கவாதம் வந்து 9 மாதம் முதல் 10 ஆண்டு வரை ஆன 108 பேரிடம், கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பைப் பயிற்சியின் ஒவ்வொரு அசைவோடும் தூண்டிச் சோதித்தார்கள். தூண்டுதல் பெற்றவர்களில் 47 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். தூண்டுதல் இன்றி அதே பயிற்சியைச் செய்தவர்களில் 24 விழுக்காட்டினர். எனக்கு அந்த இரண்டாவது எண்தான் பிடித்தமானது: வெறும் பயிற்சியால், அத்தனை காலம் கழித்து, நான்கில் ஒருவர்.

விரல் பிரியாததற்கு வலுவின்மை காரணமா, தசை இறுக்கம் காரணமா என்பதை உங்கள் சிகிச்சையாளர் கையைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். இறுக்கம்தான் என்றால் போட்டுலினம் ஊசி உதவக்கூடும். அது தசையைத் தளர்த்துமே தவிர மூளையை மீட்காது. எனினும் தளர்ந்த அந்தச் சில மாதங்களில் பயிற்சிக்கு வழி கிடைக்கும்.

பதில் 3: பராமரிப்பவர்

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். என் தந்தையை மூன்று ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். எந்த மருந்தைச் சேர்க்கலாம் என்றே நாங்களும் தேடிக்கொண்டிருந்தோம். எதை நிறுத்தலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. மருத்துவமனையில் இரவுக் குழப்பத்துக்காகத் தொடங்கிய தூக்க மாத்திரை ஒன்று, வீட்டுக்கு வந்த பின்பும் மருந்துச் சீட்டிலேயே ஏழு வாரம் தொடர்ந்தது. பயிற்சிக்கு உட்காரவைத்தால் காலை பதினோரு மணிக்குக்கூடத் தலை தொங்கிவிடும். சோம்பல் என்று நினைத்து அவரைக் கடிந்துகொண்டேன். அது இன்னும் உறுத்துகிறது. வேறொரு மருத்துவர் சீட்டைப் பார்த்து அதைப் படிப்படியாகக் குறைத்த பிறகுதான் பயிற்சி என்று சொல்லத்தக்க ஒன்று நடந்தது.

நூலிழை:

மூவருக்கும் நன்றி. சீட்டை எடுத்துப் பார்த்தேன். தூக்கம் வரவைக்கும் டயஸெபாம் இருக்கிறது, இரவு ஒன்று. இன்றே நிறுத்திவிடலாமா?

மருந்தியல் ஆய்வாளர்:

வேண்டாம். வாரக்கணக்கில் எடுத்துவந்த அவ்வகை மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அது காபாவின் அடக்கத்தைக் கூட்டும் மருந்து. மீட்சிக் காலத்தில் இயன்றவரை தவிர்க்கப் பரிந்துரைப்பதுண்டு. ஆனால் தசை இறுக்கத்துக்காகவோ வலிப்புக்காகவோ எழுதியிருக்கவும் கூடும். எதற்காக எழுதப்பட்டது, இன்னும் தேவையா, தேவையில்லை எனில் எத்தனை வாரத்தில் குறைப்பது என்ற மூன்றையும் எழுதிக்கொண்டு போய் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். ஃப்ளுவாக்ஸெட்டின் பற்றிக் கேட்பதானால், தாயார் மனம் சோர்ந்திருக்கிறாரா என்பதோடு சேர்த்துக் கேளுங்கள். கைக்காக மட்டும் கேட்க வேண்டாம்.

நூலிழை:

வியாழக்கிழமை சந்திப்பு இருக்கிறது. சீட்டையும், அம்மா விரலைப் பிரிக்க முயலும் ஒரு நிமிடக் காணொளியையும் எடுத்துச் செல்கிறேன்.