காய்ந்ததும் கோப்பையில் விரிசல் விடுகிறது, என்ன காரணம்?

கேள்வி:
சக்கரம் இல்லாமல் கையாலேயே மண்பாண்டம் செய்யப் பழகுகிறேன், புதுசு. களிமண்ணைத் திரி திரியாக உருட்டி, ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றி, விரலால் இழுத்து இணைத்து ஒரு கோப்பை செய்தேன். ஈரமாக இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. காய்ந்ததும் கைப்பிடி ஒட்டிய இடத்தில் மெல்லிய கோடு, அடிப்பாகத்தின் நடுவில் நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. தண்ணீர் தொட்டுத் தடவினால் மறைகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி வாயைப் பிளக்கிறது. மண் சரியில்லையா, என் கை சரியில்லையா? அப்படியே சூளையில் வைத்தால் கூடிக்கொள்ளுமா?

பதில்:
கூடிக்கொள்ளாது, வெடிப்பு இன்னும் அகலும். மண் காயும்போதும் சுருங்கும், சுடும்போதும் சுருங்கும். எதன் மேல் வைத்துக் காயவைத்தீர்கள்? கைப்பிடியை எப்போது ஒட்டினீர்கள்?

கேட்டவர்:
பிளாஸ்டிக் தட்டில் வைத்து, சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனுக்கு அடியில். கைப்பிடி மறுநாள்தான். கோப்பை கெட்டியாகிவிட்டது, பிடியை அப்போதுதான் உருட்டினேன்.

பதில்:
அப்போ மண்ணைத் திட்டாதீர்கள். காற்று பட்டுச் சுவர் முதலில் காய்ந்து இறுகிவிட்டது, தட்டோடு ஒட்டிக் கிடந்த அடிப்பாகம் ஈரமாகவே இருந்தது. பிறகு அது சுருங்கப் பார்க்கும்போது சுற்றிலும் சுவர் விட்டுக்கொடுக்காது, நடுவில் பிளப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. கைப்பிடியிலும் இதே கதைதான், ஏற்கெனவே சுருங்கிய கோப்பையில் இனிமேல் சுருங்கப்போகிற பிடி.

அடுத்த முறை தட்டில் செய்தித்தாள் விரித்து அதன் மேல் வையுங்கள், மண் நகர்ந்து சுருங்க இடம் கிடைக்கும். அடிப்பாகத்தை உள்ளிருந்து கட்டை விரலாலோ மரக்கரண்டியாலோ நன்றாக அழுத்தித் தேய்த்துவிடுங்கள். ஃபேன் வேண்டாம், பிளாஸ்டிக் உறையால் தளர்வாக மூடி மெதுவாகக் காயவிடுங்கள். பிடியைக் கோப்பை செய்யும் நேரத்திலேயே உருட்டி, அதே உறைக்குள் வைத்தால் இரண்டும் ஒரே பதத்துக்கு வரும். அழுத்தினால் வளையாமல், நகம் பட்டால் மட்டும் தடம் விழுகிற பதம். அப்போது இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்கும் ஆழமாகக் கீறி, அதே மண்ணைக் கரைத்த கெட்டிக் குழம்பைத் தடவி, கொஞ்சம் பிதுங்கும்வரை அழுத்துங்கள். வெறும் தண்ணீர் பசை ஆகாது.

இன்னொரு பதில்:
குழம்பில் கொஞ்சம் வினிகர் சேர்த்துப் பாருங்கள், எனக்கு நன்றாக ஒட்டுகிறது. சுட்ட மண் பொடி கலந்த களிமண் கிடைத்தால் அதையே வாங்குங்கள், சுருக்கம் குறைவு. கை கொஞ்சம் சொரசொரக்கும், அவ்வளவுதான்.

பதில்:
வினிகர் சேர்க்கலாம், தப்பில்லை. ஆனால் ஈரப்பதம் பொருந்தாவிட்டால் வினிகராலும் காப்பாற்ற முடியாது.

கேட்டவர்:
சரி, இப்போது இருக்கிற கோப்பையை என்ன செய்வது? தூக்கிப்போட மனசு வரவில்லை.

பதில்:
சுடாத மண்தானே, வீணாகாது. முழுக்கக் காயவிட்டு (கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கக் கூடாது) துண்டுகளாக உடைத்து வாளித் தண்ணீரில் போடுங்கள், தானே கரையும். அரை ஈரத்தில் போட்டால்தான் கட்டி கட்டியாக நின்று உயிரை வாங்கும். காய்ந்த மண்ணை இடித்துப் பொடியாக்க மட்டும் வேண்டாம், அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது.