யாங்கோனில் வீட்டுக்கு வந்து தமிழில் ஜெபிக்க ஒருவர் வேண்டும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அத்தைக்குக் காசநோய். மாத்திரையை ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். யாரோ, "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று கேட்டுவிட்டுப் போக, இப்போது நிறுத்தப் பார்க்கிறார். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கே அடங்காமல் போகலாம். வேதாகமத்தில் எசேக்கியா ராஜாவின் புண்ணுக்கு ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பற்றுப் போடச் சொன்னாரே, சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தானே என்றால், நான் சின்னப் பிள்ளையாம், எடுபடவில்லை!

யாக்கோபு 5:14இல் உள்ளபடி எண்ணெய் பூசி ஜெபித்து, மாத்திரையையும் தொடரச் சொல்கிற மூப்பரோ போதகரோ யாராவது தெரியுமா? பர்மிய மொழியில் ஜெபித்தால் அத்தைக்கு மனசு ஒட்டாது. அப்புறம், பெரிய எழுத்தில் அச்சிட்ட, வேதாகமத்துச் சங்கீதப் புத்தகம் தமிழில் எங்கே கிடைக்கும்? வருகிறவர்களுக்கு முகக்கவசம் நாங்களே தருகிறோம், ஜன்னலும் திறந்தே இருக்கும். ஞாயிறு மாலை வசதி.