நுரையீரல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு: மூச்சு, இருமல், நடை

பிசியோதெரபிஸ்ட்:
மூச்சுப் பயிற்சிக் கருவியான மூன்று பந்து ஸ்பைரோமீட்டரைக் கையில் கொடுத்ததும் பெரும்பாலானவர்கள் ஊதுகிறார்கள். உள்ளே இழுக்க வேண்டும். முதலில் மூச்சை முழுதாக விட்டுவிட்டு, குழாயை உதட்டால் கவ்வி, நிதானமாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் மூன்று பந்தும் துள்ளும், ஆனால் காற்று நுரையீரலின் அடிவரை போகாது. ஒரு பந்தை 3 நொடி மேலே நிறுத்தினாலே நல்ல பலன். விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை. தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

இருமலை அடக்குவதுதான் எனக்குப் பெரிய கவலை. விலா எலும்புகளுக்கு நடுவே வெட்டியிருப்பதால் கடுமையாக வலிக்கும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி தேங்கும், நுரையீரலில் அந்தப் பகுதி சுருங்கும், பிறகு நிமோனியா. அதனால் வலி மாத்திரை போட்டு அரை மணி, முக்கால் மணி கழித்துப் பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள். மடித்த துண்டைத் தையல்மேல் அழுத்திப் பிடித்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் 'ஹா' என்று இரண்டு முறை, பிறகு ஒரே ஒரு இருமல்.

வார்டு நர்ஸ்:
மார்பிலிருந்து காற்றையும் நீரையும் பாட்டிலுக்கு வெளியேற்றும் டியூப் இருக்கிறதே என்று படுத்தே கிடக்க வேண்டாம். சிக்கல் இல்லாவிட்டால் மறுநாளே நாற்காலியில் உட்கார வைத்து, நடக்கவும் வைப்போம். பாட்டில் எப்போதும் மார்புக்குக் கீழே, சாயாமல் இருக்க வேண்டும். நடக்கும்போது பத்திரமாக இருக்கட்டும் என்று உறவினர்கள் டியூபை கிளாம்ப் போட்டு (இடுக்கியால் அடைத்து) விடுகிறார்கள். பாட்டிலில் குமிழி வந்துகொண்டிருக்கும்போது அடைத்தால், வெளியேற வேண்டிய காற்று உள்ளே சேர்ந்து நுரையீரலை அமுக்கும். உயிருக்கே ஆபத்து.

பிசியோதெரபிஸ்ட்:
தோளையும் சொல்ல வேண்டும். அறுவை நடந்த பக்கத்துக் கையை அசைக்காமல் வைத்தால் தோள் இறுகிவிடும். சுவரில் விரல்களை ஏற்றி, வலி தொடங்கும் இடத்தில் 5 நொடி நிறுத்தி இறக்குங்கள். 10 முறை, தினமும் இரண்டு மூன்று வேளை.

வீட்டில் நடை: 5 நிமிடத்தில் தொடங்கி, ஓரிரு நாளுக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். பேச முடிகிற அளவு மூச்சு வாங்கலாம். ஒரு வார்த்தைகூட வராவிட்டால் வேகம் அதிகம். மார்பைத் திறந்து செய்த அறுவை என்றால் ஆறு வாரம் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் தூக்கக் கூடாது.

வார்டு நர்ஸ்:
திடீர் மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், காய்ச்சல், தோலுக்கடியில் நறநறவென்ற காற்று, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். ஒரு பக்க நுரையீரலை முழுதாக எடுத்தவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கலாம் என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே சர்ஜனிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.