விஸ்லரின் கலவையான பனிக்கு எத்தனை மில்லிமீட்டர் அகல ஸ்கீ வாங்கலாம்?

நீலமலையன் எழுதியது:

வணக்கம். கனடாவின் பர்னபியில் வசிக்கும் நான் குளிர்கால வார இறுதிகளில் விஸ்லர் பிளாக்கோம் பனிச்சறுக்குத் தளத்துக்குச் செல்வேன். பருவத்துக்கு ஒருமுறை ரெவல்ஸ்டோக்குக்கும் போவதுண்டு. உயரம் 172 செ.மீ., எடை 68 கிலோ. கடினமானவை என்று கறுப்பு வைரக் குறியிட்ட சரிவுகளில் தடுமாறாமல் இறங்குவேன். பாறையிலிருந்து குதிக்கும் ஆசையெல்லாம் கிடையாது. இப்போது என்னிடம் இருக்கும் ஸ்கீயின் நீளம் 170 செ.மீ., நடு அகலம், அதாவது பூட் நிற்கும் இடத்து அகலம், 88 மி.மீ. இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த சரிவுகளில் அதன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதுப்பனி முழங்கால் அளவுக்குக் கிடக்கும் நாளில்தான் அதன் முனை உள்ளே புதைகிறது. புதையாமல் இருக்கப் பின்னால் சாய்ந்து நிற்பதால், மதியத்துக்குள் தொடை இறுகிவிடுகிறது.

சென்ற மாதம் 118 மி.மீ. அகலமும் 184 செ.மீ. நீளமும் கொண்ட ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். காலையில் ஹார்மனி, சிம்பொனி பகுதிகளில் அது அருமையாக மிதந்தது. பிற்பகலில் கிராமத்தை நோக்கி இறங்கும் நிழற்சரிவுகளில், மழையில் நனைந்து பின் உறைந்துபோன பனியில், விளிம்பு பிடிக்கவே இல்லை. வலது முழங்காலின் உட்புறமும் வலித்தது. 100, 108, 118 ஆகிய மூன்றில் எதை வாங்குவது? இரண்டு வாங்கும் வசதி இல்லை.

மழைக்காடன் எழுதியது:

விஸ்லர் கிராமம் ஏறத்தாழ 675 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விஸ்லர் சிகரமோ 2,182 மீட்டர். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேலே பனியாகக் கொட்டும் அதே வேளையில் கீழே மழையாகப் பெய்வது அங்கே அன்றாட நிகழ்ச்சி. ஆகவே, உச்சியிலிருந்து கிராமம் வரை ஒருமுறை இறங்கினாலே புதுப்பனி, பலர் கிழித்துப்போட்ட மேடுபள்ளப் பனி, சேறு போன்ற ஈரப்பனி, உறைந்த பனி ஆகிய நான்கையும் கடந்துவிடுகிறோம். முதலாவது வகைக்கு மட்டும் அளவெடுத்து ஸ்கீ வாங்கினால் மீதி மூன்றிலும் அவதிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடலோரப் புதுப்பனியில் நீரின் பங்கு பல நாட்களில் பத்து விழுக்காட்டைத் தாண்டும். அத்தகைய கனத்த பனி, ஜப்பானின் ஹொக்கைடோவில் விழும் பஞ்சுப் பனியைவிட அதிகமாகவே நம் எடையைத் தாங்கும். அப்படியிருந்தும் தங்கள் ஸ்கீயின் முனை புதைகிறதென்றால், அதில் அகலக் குறையைவிட வடிவக் குறைக்கே பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. முன்முனை தரையை விட்டு நீண்ட வளைவாக மேலெழும் ராக்கர் அமைப்பு அதில் இருக்கிறதா?

கரும்பனை எழுதியது:

முழங்கால் வலியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சாதாரண ஸ்கீ பூட்டின் அடிப்பகுதி முன்புறத்தில் 69 மி.மீ. அகலம் கொண்டது. 88 மி.மீ. ஸ்கீயில் விளிம்பு அந்த அடிப்பகுதிக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் ஒன்பதரை மி.மீ. நீண்டிருக்கும், 118 மி.மீ. ஸ்கீயில் அது இருபத்து நான்கரை மி.மீ. ஆகிவிடும். மென்பனியில் இது ஒரு பொருட்டே அல்ல, ஏனெனில் ஸ்கீயின் அடிப்பரப்பு முழுவதும் சுமையைப் பகிர்ந்துகொள்கிறது. உறைந்த பனியில் மொத்த விசையும் அந்த ஒற்றை விளிம்பின்மீது விழுந்து, சாய்த்து நிறுத்திய ஸ்கீயைத் தட்டையாக்க முயல்கிறது. அதை எதிர்த்து நெம்பிப் பிடிக்க வேண்டியது நம் முழங்கால்தான்.

ஆனால் அகலத்தின்மீது முழுப் பழியையும் போடுவதற்குமுன், அந்த வாடகை ஸ்கீயின் விளிம்பு எந்த நிலையில் இருந்தது என்று பாருங்கள். கட்டைவிரல் நகத்தின் மேற்பரப்பை விளிம்புக்குக் குறுக்கே மெதுவாக இழுத்தால், கூரான விளிம்பு நகத்திலிருந்து வெண்மையாகத் துகள் சீவும். மழுங்கிய விளிம்பில் நகம் வழுக்கிக்கொண்டு போய்விடும். மழுங்கிய விளிம்போடு உறைபனியில் இறங்கினால் 88 மி.மீ. ஸ்கீயும் சறுக்கத்தான் செய்யும். வலி ஒரு வாரத்துக்குமேல் நீடித்தால், ஸ்கீயைப் பற்றி யோசிக்குமுன் இயன்முறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தென்றல்வழி எழுதியது:

நான் சற்று மாறுபடுகிறேன். 88 மி.மீ. ஸ்கீ ஏற்கெனவே கையில் இருக்கும்போது, புதிதாக வாங்குவது ஏன் நடுத்தரமாக இருக்க வேண்டும்? கெட்டிப் பனிக்கு அது, புதுப்பனிக்கு 118 என்று வைத்துக்கொள்ளலாமே. ரெவல்ஸ்டோக்கில் 1,713 மீட்டர் உயர வேறுபாடு இருக்கிறது. அதன் மேற்பகுதியில் உலர்ந்த பனி ஆழமாக விழுந்த நாளில் அகல ஸ்கீ தரும் இன்பத்தை வேறெதுவும் தராது. பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்கான்கி வடிவமைத்து 2002-இல் வோலன்ட் நிறுவனம் வெளியிட்ட ஸ்பாட்டுலா, நடுவில் அகன்று இரு முனைகளிலும் குறுகி, முனைகள் மேல்நோக்கி வளைந்த ஒரு விசித்திரமான ஸ்கீ. கெட்டிப் பனியில் அதைத் திருப்புவது பெரும்பாடு; ஆழப்பனியிலோ அதற்கு நிகரில்லை. ஒரு வேலைக்கு ஒரு கருவி என்று அவர் எடுத்த முடிவில் தவறென்ன?

மழைக்காடன் எழுதியது:

தவறேதுமில்லை. ஆனால் காலையில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போகும் ஸ்கீயோடுதான் அன்று முழுவதும் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டீர்கள். வார இறுதிக் கூட்டத்தில், லிஃப்டை ஒட்டிய சரிவுகளின் புதுப்பனி காலை பத்தரைக்குள் உழுத வயலாகிவிடுகிறது. ஆகவே அங்கே ‘பவுடர் நாள்’ என்பது பெரும்பாலும் கிழிந்த பனியில் கழியும் நாள்தான். அதில் உதவுவது அகலத்தைவிட ஸ்கீயின் எடையும் விறைப்பும். இலேசான அகல ஸ்கீ ஒவ்வொரு கட்டியிலும் மோதித் திசைமாறும்.

ஆனாலும் தங்கள் வாதத்தில் ஒரு பாதியை ஏற்கிறேன். 88 கையில் இருப்பதால் 100 மி.மீ. வாங்குவதில் பயனில்லை, இரண்டும் ஒரே வேலையைச் செய்யும்.

நீலமலையன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று வாடகைக் கடைக்குச் சென்று, நான் எடுத்த அதே ஸ்கீயில் நகச் சோதனை செய்தேன். நகம் கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கியது. என்னுடைய 88 மி.மீ. ஸ்கீயில் ராக்கர் ஏறக்குறைய இல்லை. அதன் இரண்டு அடிப்பரப்புகளையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்து, நடுவே அழுத்தி, முன்முனையிலிருந்து ஒரு காகிதத்தைச் செருகினேன். ஒரு சாண்கூட உள்ளே போகவில்லை. வாடகை ஸ்கீயிலோ முன்னும் பின்னும் இரண்டு சாணுக்குமேல் போயிற்று.

மழைக்காடன் எழுதியது:

அப்படியென்றால் விடை கிடைத்துவிட்டது. வாடகை ஸ்கீயின் நீளம் 184 செ.மீ. என்றாலும், கெட்டிப் பனியைத் தொட்ட நீளம் தங்கள் 170 செ.மீ. ஸ்கீயைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். அகலம், மழுங்கிய விளிம்பு, குறைந்த தொடுநீளம் ஆகிய மூன்றும் ஒருசேர எதிராக இருந்தால் யாருக்கும் பிடிப்புக் கிடைக்காது. 106 முதல் 108 மி.மீ. வரையிலான நடு அகலம், 178 முதல் 182 செ.மீ. வரையிலான நீளம், முன்முனையில் தாராளமான ராக்கர், பூட்டுக்கு அடியில் கேம்பர் (நடுப்பகுதி வில்போல் மேல்நோக்கி எழும் வளைவு), வாலில் மிகச் சிறிய ராக்கர், ஒரு ஸ்கீயின் எடை இரண்டு கிலோவை ஒட்டி என்ற கணக்கில் தேடுங்கள். ரெவல்ஸ்டோக்கில் மிக ஆழமான பனி கிடைக்கும் அந்த ஓரிரு நாட்களுக்கு 118-ஐ வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விளிம்பைத் தீட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கரும்பனை எழுதியது:

பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் பற்றியும் ஒரு சொல். 88 மி.மீ. ஸ்கீயில் இருப்பதைக் கழற்றி இதில் பொருத்தலாம் என்று எண்ண வேண்டாம். பூட் கழன்றால் ஸ்கீ ஓடிவிடாமல் தடுக்கும் அதன் பிரேக் கைகள் 108 மி.மீ. அகலத்தைத் தாண்டி இறங்கா. 110 மி.மீ. பிரேக் உள்ளதை வாங்குங்கள். மிக அகலமான பிரேக்கை வாங்கினால், ஸ்கீயைச் சாய்க்கும்போது அதன் கை பனியில் உரசும். கடைக்குப் போகும்போது தங்கள் பூட்டையும் கொண்டு செல்லுங்கள், ஏனெனில் நடப்பதற்கு வசதியாக வளைந்த கிரிப்வாக் வகை அடிப்பாகத்தை எல்லாப் பழைய பைண்டிங்குகளும் ஏற்பதில்லை. வாங்குவதற்குமுன் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதாக இருந்தால், பனி விழுந்து மூன்று நான்கு நாட்கள் ஆன ஒரு பிற்பகலில், தங்களுக்கு வலி வந்த அதே கீழ்ச்சரிவில் ஓட்டிப் பாருங்கள்.

நீலமலையன் எழுதியது:

அடுத்த சனிக்கிழமைக்கு 106 மி.மீ., 180 செ.மீ. ஸ்கீ ஒன்றை வாடகைக்கு முன்பதிவு செய்துவிட்டேன். விளிம்பைத் தீட்டித் தருவதாகக் கடையில் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கையில் வாங்கும்போது நகத்தால் சோதித்துவிட்டே கிளம்புவேன்.