சிறிய கணினி பழுதுபார்ப்புக் கடை: கருவிகள், ரசீது குறித்து ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஒரே ஒரு மேசையுடன் சிறிய கணினி பழுதுபார்ப்புக் கடையைத் தொடங்க இருக்கிறேன். இத்தொழிலில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். மல்டிமீட்டர், வெப்பநிலையை மாற்றக்கூடிய சால்டரிங் அயர்ன், ஹார்டு டிஸ்க்கை யூஎஸ்பி வழியாக இணைக்கும் அடாப்டர் ஆகியவை கைவசம் உள்ளன. பல மடிக்கணினிகள் 19 அல்லது 20 வோல்ட்டில் இயங்குவதால், 30 வோல்ட் வரை தரும் டிசி பவர் சப்ளை ஒன்றை வாங்கினால், மதர்போர்டு இழுக்கும் ஆம்பியரைக் கொண்டே அதில் ஷார்ட் இருக்கிறதா என்பதை ஓரளவு கணித்துவிடலாம் என்று எண்ணுகிறேன். அதற்கு 5 ஆம்பியர் போதுமா, 10 வேண்டுமா? சூடான காற்றால் சிப்பைக் கழற்றி மாட்ட உதவும் ஹாட் ஏர் ஸ்டேஷனையும் இப்போதே வாங்குவதா, சிப் மாற்றும் வேலைகளைத் தொடக்கத்தில் வெளியே கொடுப்பதா?

கருவிகளைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பது வாடிக்கையாளரின் தரவுதான். விண்டோஸை மீண்டும் நிறுவுவதற்கு முன் பேக்கப் எடுப்பது யாருடைய பொறுப்பு என்பதையும், கொண்டுவரும்போதே திரையில் கீறலோ திரையை மூடித் திறக்கும் கீலில் (ஹிஞ்ச்) உடைப்போ இருந்தால் அதையும் எழுதிக் கையொப்பம் பெறும் வகையில் (பின்னால் வாக்குவாதம் வேண்டாமே) ரசீதை எப்படி அமைத்திருக்கிறீர்கள்? விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்ட டிஸ்க் என்றால், 48 இலக்க மீட்புக் குறியீட்டை முன்கூட்டியே கேட்டு வாங்குவீர்களா? மாதிரிப் படிவம் இருப்பவர்கள் அன்புகூர்ந்து பகிருங்கள்.