மெஷினை விற்பதா, மாதச் சந்தாவுக்குக் கொடுப்பதா? தயாரிப்பாளருக்கு எது லாபம்?

பட்டறைக்காரன் (கேள்வி)

வணக்கம். தரை கழுவும் மெஷின் தயாரிக்கிறோம், பேட்டரியில் ஓடுவது, பின்னால் நடந்தபடி ஓட்டுகிற வகை. அலுவலகங்கள், மருத்துவமனைகள், கிடங்குகள்தான் வாடிக்கையாளர்கள். இதுவரை நேரடி விற்பனை மட்டும்தான். கொஞ்ச நாளாக என் பங்குதாரர் "விற்க வேண்டாம், மெஷின் நம் பெயரிலேயே இருக்கட்டும், சர்வீஸையும் சேர்த்து மாதச் சந்தாவாக ஒரே தொகை வாங்குவோம்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். தேடிப் படித்தால் எல்லா இடத்திலும் "நிலையான மாத வருமானம்" என்ற ஒரே வரிதான் கிடைக்கிறது. அதைத் தாண்டி நமக்கு என்ன லாபம், எங்கே அடி விழும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். தவணை முறைக்கே வேறு பெயர் வைத்திருக்கிறார்களா, இல்லை தொழிலே மாறுகிறதா?

திருப்புளி

தொழிலே மாறுகிறது. தவணையில் கொடுத்தால் கடைசித் தவணை கட்டியதும் மெஷின் அவர்களுடையது, அதன் பிறகு அது ஓடினாலும் நின்றாலும் உங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. சந்தாவில் அது ஓடுகிற வரைதான் உங்களுக்குக் காசு.

நான் சர்வீஸ் பக்கத்து ஆள், அதனால் எனக்குப் பெரிதாகத் தெரிகிற லாபம் இதுதான். விற்பனைத் தொழிலில் சர்வீஸ் பிரிவுக்கு வருமானம் வர வேண்டுமென்றால் மெஷின் பழுதாக வேண்டும். உங்கள் மெஷினையே பாருங்கள், பின்னால் அழுக்குத் தண்ணீரை வழித்து இழுக்கிற ரப்பர் பட்டை இருக்கிறதே, அதன் ஓரம் மழுங்கினால் தரையில் ஈரக்கோடு விழும். அநேக மாடல்களில் அதைக் கழற்றித் திருப்பிப் போட்டு நான்கு ஓரத்தையும் பயன்படுத்தலாம், ஆனால் வாங்கியவர்களில் பலருக்கு அது தெரியாது, முதல் ஓரம் தேய்ந்ததுமே "மெஷின் சரியில்லை" என்று முடிவு கட்டி மூலையில் தள்ளிவிடுவார்கள். பேட்டரியும் அப்படித்தான். லெட் ஆசிட் பேட்டரியை சார்ஜ் இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் போட்டு வைத்தால் பிளேட்டில் சல்பேட் படிந்துவிடும், டிஸ்டில்டு வாட்டரும் ஊற்றாமல் விட்டால் ஆயுள் பாதியிலேயே முடிந்துவிடும். விற்ற மெஷின் என்றால் உங்களுக்கு இன்னொரு பேட்டரி விற்பனை. சந்தா மெஷின் என்றால் அந்தச் செலவு உங்கள் பையிலிருந்து போகும், அதனால் உங்கள் ஆளே போய்ப் பார்ப்பார், பட்டையைத் திருப்பிப் போடுவார், ஓட்டுபவருக்குச் சொல்லிக் கொடுப்பார். அடுத்த மாடலை வடிவமைக்கும்போதும் "எது மலிவு" என்று கேட்க மாட்டீர்கள், "எது நீண்ட நாள் தாங்கும், எதைச் சீக்கிரம் கழற்றி மாட்டலாம்" என்றுதான் கேட்பீர்கள். நல்ல பொருள் செய்ய ஆசைப்படுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

விமான எஞ்சினில் இது எப்போதோ வந்துவிட்டது. 1962-ல் பிரிஸ்டல் சிட்லி கம்பெனி தன் வைப்பர் எஞ்சினுக்கு, பறக்கிற மணிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டு பராமரிப்பையும் உதிரி பாகங்களையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பிறகு அந்தக் கம்பெனி ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போனது, அந்த முறையை இன்றும் அவர்கள் விடவில்லை.

கணக்குப்பிள்ளை

திருப்புளி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அந்த லாபம் கைக்கு வருவதற்குள் பணம் தீர்ந்துவிடாமல் இருக்க வேண்டுமே, அதைப் பேசாமல் இறங்கக் கூடாது.

ஒரு மெஷின் செய்ய 100 ஆகிறது, 140-க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சந்தாவில் மாதம் 6 வாங்குகிறீர்கள், சர்வீஸ் செலவு 1.5 போனால் 4.5 மிச்சம். போட்ட 100 திரும்பி வரவே 22 மாதத்துக்கு மேல் ஆகும். மாதம் 10 மெஷின் இறக்கினால் மாதா மாதம் 1000 வெளியே போகிறது, உள்ளே வருவது முதல் மாதம் 45, அடுத்த மாதம் 90 என்று மெதுவாகத்தான் ஏறும். கூட்டிப் பார்த்தால் 22-ஆம் மாத வாக்கில் ஏறக்குறைய 10,600 முடங்கியிருக்கும், அதாவது 106 மெஷின் செய்கிற பணம். விற்பனை நன்றாக நடக்க நடக்க பள்ளமும் ஆழமாகும், இது பலருக்குப் பிடிபடுவதில்லை.

இவ்வளவுக்கும் அடோபி மாதிரி சாஃப்ட்வேர் கம்பெனிக்கே, மெஷின் செய்கிற செலவு எதுவும் இல்லாமலே, இந்தப் பள்ளம் வந்தது. 2013-ல் அவர்கள் தங்கள் முக்கிய மென்பொருள் தொகுப்பில் புதிய பதிப்புகளை விற்பதை நிறுத்திச் சந்தாவுக்கு மாறினார்கள். 2012-ல் 440 கோடி டாலராக இருந்த ஆண்டு வருமானம் 2013-ல் 405 கோடி அளவுக்கு இறங்கி, 2015-ல்தான் 480 கோடியாக ஏறியது. தாங்குகிற சக்தி இருந்தது, தாங்கினார்கள்.

அப்புறம், விலகுகிறவர்கள் கணக்கு. மாதம் நூற்றுக்கு 5 பேர் விலகினால் ஒரு வருஷத்தில் 54 பேர்தான் மிஞ்சுவார்கள், 2 பேர் விலகினால் 78 பேர். இந்த ஒரு எண்ணில்தான் மொத்தத் தொழிலும் நிற்கிறது. திரும்பி வருகிற மெஷினைக் கழுவித் துடைத்து, பேட்டரி மாற்றி, அடுத்தவருக்கு அனுப்ப உங்களிடம் இடமும் ஆளும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கிடங்கு மேலாளர்

வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். புது மெஷின் வாங்க வேண்டுமென்றால் நான் மூலதனச் செலவு என்று எழுதி, மேலிடத்துக்கு அனுப்பி, மூன்று கொட்டேஷன் வைத்து, அடுத்த பட்ஜெட் வரை காத்திருக்க வேண்டும். மாதச் செலவு என்றால் என் கையெழுத்தே போதும். உங்கள் மெஷின் எனக்குப் பிடித்திருந்தும் நான் வாங்காமல் இருப்பதற்குப் பல சமயம் இதுதான் காரணம். 1959-ல் ஜெராக்ஸ் 914 வந்தபோதும் நிலைமை இதுதான். விலை கொடுத்து வாங்கக் கட்டுப்படியாகாத மெஷின், மாதம் 95 டாலர் வாடகை, 2000 பிரதி வரை அதிலேயே அடக்கம், அதற்கு மேல் எடுத்தால் பிரதிக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். உள்ளே வந்த பிறகு பிரதி எடுப்பது பல மடங்காகிவிட்டது, ஜெராக்ஸ் பணம் பார்த்ததும் அதில்தான்.

ஆனால் ஒன்று. நான் மாதா மாதம் கொடுக்கிற காசுக்கு நீங்களும் மாதா மாதம் ஏதாவது செய்ய வேண்டும். பி.எம்.டபிள்யூ 2022-ல் சில நாடுகளில் காரிலேயே பொருத்தியிருந்த சீட் சூடேற்றும் வசதிக்கு மாதச் சந்தா கேட்டது, எதிர்ப்பு கிளம்பி அடுத்த வருஷமே கைவிட்டது. ஏற்கெனவே என் முன்னால் இருக்கிற பொருளைப் பூட்டி வைத்துக் காசு கேட்டால் யாருக்கும் கோபம்தான் வரும். மெஷின் நின்றால் மறுநாளே மாற்று மெஷின் வரும் என்று எழுதிக் கொடுங்கள், விலை கொஞ்சம் கூட இருந்தாலும் நான் கையெழுத்துப் போடுவேன்.

பட்டறைக்காரன்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக எதிர்பார்க்கவில்லை. 106 மெஷின் கணக்கைப் பங்குதாரரிடம் காட்டினேன், முதல் தடவையாக அவர் மௌனமாக யோசித்தார். விற்பனையை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே உள்ள, நாங்களே போய்ப் பார்க்கக்கூடிய சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் சந்தாவில் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். ஒரு சந்தேகம், எங்கள் டீலர்களுக்கு விற்றவுடன் கமிஷன் கொடுத்துப் பழக்கம். சந்தாவில் அதை எப்படிச் செய்வது?

கணக்குப்பிள்ளை

மொத்தக் கமிஷனையும் முதலிலேயே கொடுக்காதீர்கள், பள்ளம் இன்னும் ஆழமாகும், தவிர டீலர் யாரையாவது பிடித்துச் சேர்த்துவிட்டுப் போய்விடுவார். முதலில் கொஞ்சம், மீதியை வாடிக்கையாளர் கட்டுகிற ஒவ்வொரு மாதமும் ஒரு பங்காகக் கொடுங்கள். குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் 12 மாதமாவது வையுங்கள், மூன்று மாத அட்வான்ஸ் வாங்குங்கள்.

திருப்புளி

எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுகிற மீட்டர் ஒவ்வொரு சந்தா மெஷினிலும் இருக்கட்டும். ஒரு ஷிப்ட் ஓட்டுகிறவருக்கும் மூன்று ஷிப்ட் ஓட்டுகிறவருக்கும் ஒரே தொகை போட்டால், மூன்று ஷிப்ட்காரர்கள் எல்லோரும் உங்களிடம் வந்து சேர்வார்கள். மாதம் இத்தனை மணி நேரம் வரை இந்தத் தொகை, அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.