காலிஃபிளவர் சாதம் மதியத்துக்குள்ள தண்ணி விட்டு நாறுது, உதவுங்க

வெண்டைக்காய்79 | திங்கள், இரவு 10:41
லோ கார்ப், அதாவது மாவுச்சத்தைக் குறைச்ச சாப்பாடு, ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆகுது. மதியத்துக்கு அரிசிக்குப் பதிலா காலிஃபிளவரைப் பொடியாக்கிச் செய்யற காலிஃபிளவர் சாதம்தான் கட்டிட்டுப் போறேன். வீட்ல சாப்பிட்டா நல்லாத்தான் இருக்கு. ஆபீஸ்ல ஒரு மணிக்குத் திறந்தா அடியில தண்ணி நிக்குது, மூடியைத் தூக்கினதும் பக்கத்து சீட்காரர் எழுந்து போயிடுறார். நாளைக்கும் அதேதான், வேற காய் வாங்கலை. எங்க தப்பு? சீக்கிரம் சொல்லுங்க.

நல்லெண்ணெய் | இரவு 10:48
எண்ணெய் பத்தலை, அவ்வளவுதான். 400 கிராம் பூவுக்கு ரெண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊத்துங்க. லோ கார்ப்ல கொழுப்புக்குப் பயப்படக் கூடாது. எண்ணெய் சுத்திப் பூசிக்கிட்டா தண்ணி வெளிய வராது.

மோர்மிளகாய் | இரவு 10:55
எண்ணெய் ஊத்தினா தண்ணி உள்ளயே இருந்துடுமா? காலிஃபிளவர்ல நூத்துக்கு 92 பங்கு தண்ணிங்க. வெளிய வந்தே தீரும். அது வாணலியில வரணும், டப்பாவில வரக் கூடாது. பிரச்சினை அங்கதான்.

கேட்டவருக்கு: துருவுறீங்களா, மிக்ஸியா? உப்பு எப்போ போடுறீங்க? மூடி போட்டு வேக வைக்கிறீங்களா? எத்தனை மணிக்குச் சமையல், என்ன டப்பா, சூடா கட்டுறீங்களா, ஆறினப்புறமா? ஆபீஸ்ல ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் இருக்கா? இதுல ஒண்ணையும் சொல்லாம எங்க தப்புன்னு கேட்டா எப்படிங்க.

மூத்தவன் | இரவு 11:02
இதே கேள்வி மாசத்துக்கு ரெண்டு தடவை வருது. தேடல் பெட்டின்னு ஒண்ணு மேலே இருக்கு, அலங்காரத்துக்கு வைக்கலை. ‘காலிஃபிளவர் தண்ணி’ன்னு அடிச்சா போதும். படிக்கிற பழக்கமே போயிடுச்சு.

மோர்மிளகாய் | இரவு 11:04
பெரியவரே, அடிச்சுப் பார்த்தேன். வந்த மூணு இழையிலயும் கடைசிப் பதிவு உங்களோடது, மூணுலயும் ‘தேடிப் பாருங்க’ன்னுதான் இருக்கு.

வெண்டைக்காய்79 | இரவு 11:09
மிக்ஸியில அடிக்கிறேன். உப்பு, மஞ்சத்தூள் முதல்லயே. மூடி போட்டுப் பத்து நிமிஷம். சமையல் காலை ஆறரை. டப்பா சாதாரண ஹாட்கேஸ்தான், சூடாவே போட்டு மூடிடுவேன். மைக்ரோவேவ் இருக்கு.

மோர்மிளகாய் | இரவு 11:26
நீங்க செய்யறது காலிஃபிளவர் கூழ். தப்பு மூணு இடத்துல இருக்கு.

மிக்ஸியை ஓட விட்டா ஒரு பாதி மாவாயிடும், மறு பாதி துண்டாவே நிக்கும். அந்த மாவுதான் தண்ணியைக் கோத்துக்கிட்டு நசநசன்னு ஆகுது. பூவைக் கழுவித் துணியில துடைச்சு, ஈரமில்லாத ஜார்ல பாதி அளவுக்கு மட்டும் போடுங்க. குமிழை எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பி விடணும், மூணு தடவை, அவ்வளவுதான். ஒவ்வொரு துணுக்கும் உடைச்ச கோதுமை ரவை பருமன்ல இருந்தா சரி. கேரட் துருவுற துருவல்ல பெரிய கண்ணுல தேய்ச்சா இன்னும் நல்லது. தண்டை விட்டுடுங்க, அதைப் பொரியலுக்கு வெச்சுக்கலாம்.

உப்பை முதல்லயே போட்டா துணுக்குல இருக்கிற தண்ணியை இழுத்து வெளிய விட்டுடும். வறுபட வேண்டியது அந்தத் தண்ணியில வேகும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, துருவினதும் அரைத் தேக்கரண்டி உப்புல பிசறிப் பத்து நிமிஷம் கழிச்சு மெல்லிய துணியில போட்டு இறுக்கிப் பிழியறது. அப்புறம் வாணலியில உப்பே வேண்டாம். இன்னொண்ணு, பிழியாம வறுத்து இறக்கும்போது மட்டும் உப்பு. காலை அவசரத்துக்கு ரெண்டாவதுதான் தோது.

மூடி போடவே போடாதீங்க. அகலமான இரும்பு வாணலி நல்லாக் காய்ஞ்சப்புறம் எண்ணெய், கடுகு, சீரகம், கறிவேப்பிலை. அப்புறம் துருவலை ஒரு தடவைக்கு 200 கிராம். முழுத் தீ, நாலஞ்சு நிமிஷம். மொத்தமா 400 கிராமையும் கொட்டினா வாணலிச் சூடு இறங்கி ஆவி கட்டிடும். முதல் ஒரு நிமிஷம் ‘சர்’னு ஈரச் சத்தம் கேக்கும், அப்புறம் அது படபடன்னு மாறும். அதுதான் பதம். 400 கிராம் போட்டா இறங்கும்போது 250 கிட்ட வந்திருக்கணும். 350 இருந்துச்சுன்னா மிச்சத் தண்ணி உங்க டப்பாவுக்குத்தான் போகும்.

எலுமிச்சம்பழம் வாணலியில பிழிய வேண்டாம். கால் மூடியைத் தனியா எடுத்துட்டுப் போய்ச் சாப்பிடறப்போ பிழிஞ்சுக்கங்க.

அடுக்குச்சட்டி | இரவு 11:40
வறுக்கறது சரி. ஆனா எவ்வளவு வறுத்தாலும் அந்த ஹாட்கேஸ்ல சூடா மூடினா மறுபடியும் தண்ணிதான். ஆவி மூடியில போய் முட்டிக் குளிர்ந்து சொட்டா விழும். ஒரு மணிக்குத் திறக்கும்போது மூடியோட உள்பக்கத்தை விரலால தடவிப் பாருங்க, ஈரமா இருந்தா அதுதான்.

அதை விடப் பெரிய விஷயம் ஒண்ணு. வெளியே பிளாஸ்டிக், உள்ளே ஸ்டீல் வெச்ச சாதா ஹாட்கேஸ் சூட்டைத் தக்க வைக்காது, மெதுவா ஆற விடும். கிருமி பெருகத் தோதான இடம் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே. ஆறரைக்குச் சமைச்சு ஒரு மணி வரைக்கும் ஆறரை மணி நேரம். அதுல பெரும்பகுதி சாப்பாடு வெதுவெதுன்னு கிடக்கும். சமைச்ச பண்டம் வெளியே ரெண்டு மணி நேரம், வெயில் 32 டிகிரிக்கு மேல போனா ஒரு மணி நேரம், அதுக்கு மேல வேண்டாம்னுதான் கணக்கு. ஒண்ணு நல்ல சூடா இருக்கணும், இல்லேன்னா நல்ல ஜில்லுனு இருக்கணும். ரெண்டுங்கெட்டான் கூடாது.

காலிஃபிளவருக்கு ஜில்லுதான் சரி. வெற்றிடக் குடுவையில போட்டா சூடு நிக்கும், ஆனா உள்ளேயே மதியம் வரைக்கும் வெந்துக்கிட்டே இருக்கும். ராத்திரியே வறுத்துத் தாம்பாளத்துல பரப்பி, ஃபேனுக்கு அடியில கால் மணி நேரம். ஆவி அடங்கினதும் தட்டையான டப்பாவுல ரெண்டு விரல் உயரத்துக்கு மேல போகாம போட்டு, மூடியைச் சாய்ச்சு வெச்சு ஃபிரிட்ஜ்ல. ஜில்லானதும் இறுக்கி மூடுங்க. காலையில டப்பாவை ஃபிரிட்ஜ்ல இருந்து நேரா பைக்குள்ள, மேலேயும் கீழேயும் ஐஸ் பேக். ஐஸ் பேக் இல்லேன்னா 250 மில்லி தண்ணி பாட்டில்ல முக்கால் அளவு ஊத்தி உறைய வெச்சு எடுத்துக்கங்க. ஆபீஸ்ல மூடி இல்லாம மைக்ரோவேவ்ல ஒன்றரை நிமிஷம், ஒரு கிளறு கிளறி இன்னும் ஒரு நிமிஷம்.

சாமைச்சோறு | செவ்வாய், காலை 6:15
எதுக்குங்க இந்தப் பாடு? சாமை, வரகு, தினைன்னு நம்ம சிறுதானியம் இருக்கே. சாமைச் சோறு வடிச்சு எலுமிச்சை சாதம் கிளறிக் கட்டுங்க. கெடாது, நாறாது, தண்ணி விடாது. லோ கார்ப்தான், நார்ச்சத்து ஏராளம்.

கிராம்_கணக்கு | காலை 6:50
சிறுதானியம் நல்ல தானியம். ஆனா லோ கார்ப் இல்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 உணவுப் பட்டியல்ல, சமைக்காத 100 கிராமுக்குத் தீட்டின பச்சரிசியில மாவுச்சத்து 78 கிராம், வரகுல 66, சாமையில 65 சொச்சம். வித்தியாசம் 12, 13 கிராம்தான். காலிஃபிளவர்ல 100 கிராமுக்கு ரெண்டு மூணு கிராம்தான்.

சாமைச்சோறு | காலை 7:05
அந்த 66-ல நாரைக் கழிங்க சார். வரகுல நார் 6 கிராமுக்கு மேல. கழிச்சா 60 தானே? பாதியாச்சு பாருங்க.

கிராம்_கணக்கு | காலை 7:18
78-ல பாதி 39. 60 எப்படிங்க பாதியாகும்?

அதை விடுங்க. அந்தப் பட்டியல்ல நாரை ஏற்கெனவே கழிச்சாச்சு. வரகோட வரிசையைக் கூட்டிப் பாருங்க: ஈரம் 14.2, புரதம் 8.9, சாம்பல் 1.7, கொழுப்பு 2.6, நார் 6.4, மாவுச்சத்து 66.2. கூட்டினா 100. நார் தனிக் கட்டத்துல நிக்குது. மறுபடி கழிச்சா ஒரே செலவை ரெண்டு தடவை எழுதின மாதிரி. அமெரிக்கப் பொட்டலங்கள்ல மொத்த கார்போஹைட்ரேட்டுக்குள்ள நாரும் சேர்ந்திருக்கும், அங்க கழிக்கலாம். பலரும் குழம்பற இடம் இது.

மூத்தவன் | காலை 7:25
முன்னோர் தின்னதையெல்லாம் கிராம்ல அளந்துக்கிட்டு உக்காந்திருந்தா விளங்கும்.

சாமைச்சோறு | காலை 7:31
அதானே! கேழ்வரகுக் கூழ் குடிச்சவங்களுக்குச் சர்க்கரை வந்துச்சா?

கிராம்_கணக்கு | காலை 7:40
பகல் பூரா ஏர் பிடிச்சவர் கூழ் குடிக்கலாம். கேட்டவர் நாற்காலியில உக்காந்து வேலை செய்யறவர். தானியச் சண்டைக்குத் தனி இழை போடுங்க, வர்றேன்.

வெண்டைக்காய், ஒரு கேள்வி. சர்க்கரைக்காக லோ கார்பா, எடைக்காகவா? மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?

வெண்டைக்காய்79 | காலை 8:02
சுகருக்குத்தான். மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும். இன்னிக்கு நேரமில்ல, பழைய மாதிரியேதான் கட்டினேன். வண்டியில வெச்சாச்சு. முட்டை ரெண்டும் உள்ளேதான் இருக்கு, பசி தாங்கும்.

கிராம்_கணக்கு | காலை 8:10
காய் கிடக்கட்டும், முதல்ல இதைக் கேளுங்க. கிளிமெபிரைடு இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. நீங்க பாட்டுக்குச் சோத்தை நிறுத்திட்டு அதே அளவு மாத்திரை போட்டா சர்க்கரை தாழ்ந்துடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தா அதுதான் அறிகுறி. எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட ‘மதியச் சோறு நிறுத்தியிருக்கேன்’னு இந்த வாரமே சொல்லி அளவைக் கேளுங்க, நீங்களா குறைக்காதீங்க. இன்சுலின் போடறவங்களுக்கும் இதேதான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு வேற சர்க்கரை மாத்திரை எடுக்கிறவங்க டாக்டரைக் கேக்காம லோ கார்ப் ஆரம்பிக்கவே கூடாது. அதுல சர்க்கரை அளவு பெருசா ஏறாமலே ரத்தம் அமிலமாகிற ஆபத்து உண்டு.

மோர்மிளகாய் | காலை 8:22
முட்டை உள்ளேயா? அதே டப்பாவிலயா? இதைச் சொல்லவே இல்லையே! நாத்தத்துக்குப் பாதிக் காரணம் அங்கயே இருக்கு. காலிஃபிளவர், முட்டைக்கோஸ் ரெண்டுலயும் கந்தகம் உண்டு, வேக வேக அந்த வாடை கூடும். முட்டை வெள்ளையிலயும் கந்தகம். ரெண்டையும் சூட்டோட ஒரே டப்பாவில அடைச்சா பக்கத்து சீட்காரர் என்னதான் பண்ணுவார்?

மஞ்சக்கருவைச் சுத்திப் பச்சையா சாம்பல் நிறத்துல ஒரு வளையம் இருக்கா? இருந்தா அதிகம் வெந்துடுச்சுன்னு அர்த்தம். தண்ணி கொதிச்சப்புறம் முட்டையை விட்டுப் பத்து நிமிஷம், உடனே எடுத்துக் குளிர்ந்த தண்ணியில அஞ்சு நிமிஷம். ஓட்டோட தனி டப்பாவில ஐஸ் பேக் பக்கத்துல வைங்க. மைக்ரோவேவ்ல மட்டும் முழு முட்டையை வைக்காதீங்க, உரிச்சிருந்தாலும் வெடிக்கும்.

அடுக்குச்சட்டி | காலை 8:30
‘வண்டியில வெச்சாச்சு’ன்னா எங்க? ஸ்கூட்டர் டிக்கியிலயா?

வெண்டைக்காய்79 | காலை 8:33
ஆமா. ஏன்?

அடுக்குச்சட்டி | காலை 8:41
சீட்டுக்குக் கீழே டிக்கி, டிக்கிக்குக் கீழே இன்ஜின். முக்கால் மணி நேரம் ஓட்டினா அது இளஞ்சூட்டு அடுப்பு. அப்புறம் வெயில்ல நிறுத்திட்டு டப்பாவை மறந்துட்டுப் போனா கேக்கவே வேண்டாம். முன்னாடி கொக்கியில பையை மாட்டுங்க, வண்டியை விட்டு இறங்கும்போதே பையும் கையில வரணும்.

இன்னொண்ணு, தேங்காய்த்துருவல் தூவுறீங்களா? பச்சைத் தேங்காய் சேர்த்தா சீக்கிரம் ஊசிப்போகும். தொட்டுப் பார்த்து நூல் விட்டுச்சுன்னா ஒரு வாய் கூடச் சாப்பிட வேண்டாம், சூடு பண்ணினாலும் சரியாகாது.

நல்லெண்ணெய் | காலை 9:15
தேங்காய் போடலேன்னா ருசி ஏது? எண்ணெயைக் கூட்டுங்கன்னு முதல்லயே சொன்னேன், யாரும் கேக்கலை.

மோர்மிளகாய் | காலை 9:32
தேங்காய் வேணும்னா பொன்னிறமா வறுத்து ஆற வெச்சுத் தூவுங்க நல்லெண்ணெய். ஈரம் போயிடும், வாசனையும் தூக்கலா இருக்கும்.

வெண்டைக்காய், தொட்டுக்க என்ன? சாம்பார், ரசம் ஊத்தினா மறுபடி கூழ்தான். கெட்டியா ஒரு கோழிச் சுக்கா, இல்லேன்னா பனீர் மிளகு வறுவல். பனீரை வறுத்ததும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில பத்து நிமிஷம் போட்டு எடுத்துத் துடைச்சுக் கட்டினா மதியம் ரப்பர் மாதிரி ஆகாது. கறியைச் சூடாத்தான் வேணும்னா, அதுக்குத்தான் வெற்றிடக் குடுவை. கொதிக்கிற தண்ணி ஊத்திப் பத்து நிமிஷம் மூடி வெச்சுட்டு, கொட்டித் துடைச்சு, கொதிக்கக் கொதிக்கக் கறியை விளிம்பு வரைக்கும் நிரப்பணும். பாதிக் குடுவைன்னா சூடு நிக்காது. சட்னிக்குப் பொட்டுக்கடலை சேர்த்து அரைக்காதீங்க, மாவுச்சத்து அந்த வழியா உள்ள வந்துடும்.

தினமும் காலிஃபிளவர்னா பத்தாவது நாள் வெறுத்துடும். கோஸை மெல்லிசா நறுக்கி முட்டை உடைச்சு ஊத்திப் பொடிமாஸ் பண்ணலாம். வெண்டைக்காயை நல்லா உலர்த்தி வறுத்தா தண்ணியே விடாது, உங்க பேருக்கும் பொருத்தம்.

சாமைச்சோறு | பகல் 12:50
தனி இழை போட்டாச்சு: ‘சிறுதானியம் லோ கார்ப்தான்: ஆதாரங்களுடன்’. கிராம் கணக்கு சார் வரவும்.

மூத்தவன் | பகல் 1:05
அந்தத் தலைப்புலயும் ஏற்கெனவே நாலு இழை இருக்கு.

வெண்டைக்காய்79 | வியாழன், பகல் 1:34
ராத்திரியே வறுத்தேன், ரெண்டு தடவையா. முட்டை தனி. பை கொக்கியில. தண்ணி இல்லை, வாடை ரொம்பக் கம்மி. கொஞ்சம் கருகிடுச்சு. டாக்டரை சனிக்கிழமை பார்க்கிறேன். நன்றி.

மோர்மிளகாய் | பகல் 2:10
கருகினா துணுக்கு ரொம்பப் பொடி, இல்லேன்னா வாணலி சின்னது. எத்தனை அங்குலம்?

மோர்மிளகாய் | ஞாயிறு, காலை 9:20
வெண்டைக்காய்? வாணலி எத்தனை அங்குலம்? டாக்டர் என்ன சொன்னார்?